நாய் இல்லாத வீட்டில் ஓர் உண்ணி

என் கணவரின் இடது அக்குளுக்குக் கீழே அந்தக் கறுப்புப் புடைப்பை நான் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலையில், முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது. மிளகு அளவு இருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம், வாரம் தவறாமல் தேய்த்த முதுகு. அந்த இடத்தில் மச்சமோ மருவோ கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இது என்னாங்க, புதுசா?"

"எது?"

"கைக்குக் கீழ. கறுப்பா இருக்குது."

அவர் சட்டென்று கையை இறக்கிக்கொண்டார். "ஏதாச்சும் கொப்புளமா இருக்கும். நீ எண்ணெயத் தேயி."

கையை இறக்கிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி தூக்கச் சொல்லி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். கொப்புளத்துக்குக் கால்கள் இருந்தன. மயிரிழை போலத் தோலை ஒட்டி அசைந்தன. அருவருப்பில் யோசிக்காமல் நகத்தால் கிள்ளி இழுத்துவிட்டேன். உடம்பு மட்டும் நசுங்கிக் கையோடு வந்தது. விரலெல்லாம் ரத்தம். தோலுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி நின்றுவிட்டது.

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு மாடு வைத்திருந்த அக்கா ஒருத்தி இருந்தாள். நசுங்கியதைக் காகிதத்தில் வைத்து அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உண்ணிதான். ஆனா மாட்டு உண்ணி இப்படி இருக்காது. இது நாய் உண்ணி" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்க ஊட்லதான் நாயே இல்லியே?"

எங்கள் வீட்டில் நாய் இல்லை, இருக்கவும் முடியாது. எனக்குப் பன்னிரண்டு வயதில், சேதராப்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில், என் தம்பியை வெறிநாய் கடித்தது. தண்ணீரைக் கண்டு அலறி அவன் செத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பு நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். நாய் இருக்கும் வீட்டுக்கு நான் வரமாட்டேன், நாயைத் தொட்டவர் என்னைத் தொடக்கூடாது. அவர் சரி என்றார்.

மண்ணெண்ணெய் தடவினால் மிச்சமும் வந்துவிடும் என்று அக்கா சொன்னாள். தடவினேன். புள்ளி வரவில்லை. தோல் வெந்து சிவந்ததுதான் மிச்சம். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பொறுத்துக்கொண்டார். அந்தப் பொறுமைதான் என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. தப்பு செய்யாத ஆண்பிள்ளை அவ்வளவு எரிச்சலுக்குக் கத்தியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போன மறு வருஷம் அது. கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் அவர் எழுத்தர். ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டால் சைக்கிளில் அரைமணியில் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் சில மாதமாகவே செவ்வாயும் வெள்ளியும் ஆறரைக்குத்தான் வந்தார். கேட்டால் பழைய பிரெஞ்சுக் காகிதங்களை எல்லாம் பிரித்து அடுக்குகிறோம் என்றார். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ரொட்டித் தூள் இருந்தது. அவருக்கு ரொட்டி பிடிக்காது. கால்சட்டையில் செம்பட்டை மயிர் இரண்டு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும்விட, செவ்வாய், வெள்ளிகளில் மட்டும் அவர் கையில் ஒரு வாசனை சோப்பு மணத்தது. நாங்கள் குளித்தது வேறு சோப்பு.

நாய் வளர்க்கிற, வாசனை சோப்பு போடுகிற, செம்பட்டை முடிக்காரி ஒருத்தி என் மனசில் முழு உருவமாக வந்து நின்றுவிட்டாள். அவளுக்குச் சிவப்பு உதட்டுச் சாயம்கூட நானே பூசிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை துணி எடுக்கப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். ஆபீசுக்கு எதிரே ஒரு மரத்தடியில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு அவர் வெளியே வந்தார். முக்குக் கடையில் நீள ரொட்டி ஒன்று வாங்கினார். மேற்கே வீட்டுப் பக்கம் திரும்பவேண்டியவர் கடலோரமாகவே வடக்கே மிதித்தார்.

"அந்த சைக்கிள் பின்னாலயே போப்பா" என்றேன்.

ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா அவரு?"

"எனக்கு வேண்டியவரு."

 போகிற வழியில் இரண்டு தடவை திரும்பி என் தாலியைப் பார்த்தார்.

காகிதப்பூக் கொடி படர்ந்த ஒரு மஞ்சள் மதில் முன்னால் சைக்கிள் நின்றது. அவர் மணியடிக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. தன் வீடு போலத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் ஏதோ சொன்னது. அவர் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ரிக்‌ஷாவை விட்டு இறங்கி உள்ளே போனேன். தாழ்வாரத்தில் என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு, தரையில் மண்டியிட்டு, செம்பட்டை நாய் ஒன்றின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலியில், கவுன் போட்ட, ஐம்பது வயதைத் தாண்டிய, நம் ஊர் நிறத்து அம்மாள் ஒருத்தி. மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி, இடுக்கியால் நாயின் காதுக்குள்ளிருந்து எதையோ எடுத்து ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டாள். தம்ளரில் சாராய நெடி. அடியில் பயறு பயறாக உண்ணிகள்.

அவர் என்னைப் பார்த்த பிறகும் நாயின் தலையை விடவில்லை. அதை விட்டால் அது என் பக்கம் ஓடிவரும் என்று பயந்திருப்பார்.

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

"எப்போ?"



அந்த அம்மாள்தான் நடந்ததைச் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். நாய், என் கணவரின் பழைய மேலதிகாரியுடையது. அந்தத் துரை பிரான்சுக்குக் கப்பல் ஏறும்போது நாயைப் பக்கத்து வீட்டுக்காரியான இவளிடம் விட்டு, கொஞ்சம் பார்த்துக்கொள் என்று என் கணவரிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "நான் ஒண்டி ஆளா இத்தப் புடிச்சு உண்ணி எடுக்க முடியாதும்மா. ஒருத்தர் புடிக்கணும், ஒருத்தர் எடுக்கணும். அதுக்குத்தான் இவரு வராரு. போவ சொல்ல கையை நல்லா சோப்பு போட்டுக் கழுவ வெச்சுத்தான் அனுப்பறேன்."

எல்லாம் பொருந்தத்தான் செய்தது. பொருந்தியதாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. உள் அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். ஒரு தையல் மிஷினும் மாதா படமும்தான் இருந்தன.

அவள் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வந்து என் கணவரின் அக்குளைப் பார்த்தாள். "யாரு இப்படி வேக வெச்சது?"

"மண்ணெண்ணெய் போட்டேன்" என்றேன்.

"போடக்கூடாது. சுண்ணாம்பு, பீடி நெருப்பு, எதுவும் கூடாது. சூடு பட்டா அது வயித்துல இருக்கறத எல்லாம் இவரு ரத்தத்துல கக்கிடும். நகத்தால நசுக்கறதும் அப்படித்தான். உள்ள நின்னுபோன புள்ளிய நோண்டாத. தோலே தள்ளிடும்."

பேசிக்கொண்டே அவர் இடுப்பைத் திருப்பிப் பார்த்தாள். அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இன்னொன்று ஒட்டியிருந்தது. எள் அளவு.

"இவ்ளோ சின்னதோட வாய் என் கண்ணுக்குப் புடிபடாது. நீ எடு" என்று இடுக்கியை ஸ்பிரிட்டில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. "தலை உள்ள நின்னுட்டா?"

"வயித்தப் புடிச்சாத்தான் நிக்கும். தோலை ஒட்டி, வாய்கிட்ட புடி. திருகாத. வெடுக்குன்னு இழுக்காத. நேரா மேல, ஒரே சீரா."

இடுக்கி முனையைத் தோலில் படும்படி வைத்துப் பிடித்தேன். இழுத்தேன். வரவில்லை. தோல் கூடாரம் போல மேலே எழும்பியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். கை தளர்ந்துவிடுமோ என்று பயந்தபடி அப்படியே பிடித்திருந்தேன். பத்து எண்ணும் நேரம் இருக்கும். தோல் பட்டென்று கீழே இறங்கியது. உண்ணி முழுசாக இடுக்கியில், காலை ஆட்டிக்கொண்டு.

அவளுடைய பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வாய் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இரண்டாம் தடவையும் பார்த்தேன். அதைத் தம்ளரில் போட்டுவிட்டு, கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி ஸ்பிரிட் தடவச் சொன்னாள். நான் செய்து முடித்த பிறகு, "ரெண்டு மூணு வாரம் பாரு. காய்ச்சல் வந்தா, உடம்புல படை வந்தா, ஆஸ்பத்திரிக்குப் போயி உண்ணி கடிச்சத மறக்காம சொல்லணும்" என்றாள்.

வீடு வரைக்கும் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என் கூட நடந்து வந்தார். எங்கள் தெரு முனைக்கு வந்ததும் கேட்டேன்.

"நாய் மேல அவ்ளோ பாசமா?"

"எனக்கு ஒண்ணும் பாசமில்ல. விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அதுக்குத் தெரியல. வாசல்லயே படுத்துக் கெடந்தது."

பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குத் தம்பி ஞாபகம்தான். ஒரு தம்ளர் தண்ணீரை அவர் வாயில் வைத்து, குடிக்கிறாரா என்று பார்த்தேன். குடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் உண்ணி, தேதி, இடம் எல்லாம் ஒப்பித்தேன். டாக்டர் உடம்பு முழுவதும் பார்த்தார், ஊரில் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான் என்றார். மூன்று நாளில் விட்டுவிட்டது. நான் டாக்டரை முழுசாக நம்பவில்லை. இன்னும் இரண்டு வாரம் தினமும் காலையில் அவர் மேல் கை வைத்துப் பார்த்தேன். செவ்வாய், வெள்ளி அவர் போவதை நிறுத்தவில்லை. திரும்பி வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, முழங்காலுக்குப் பின்னால் என்று தேடிவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த அம்மாள் பிரான்சில் இருந்த மகனிடம் போக முடிவு செய்தாள். என் கணவர் சாப்பிடும்போது அதை மட்டும் சொன்னார்.

"அந்த நாய் என்னா ஆவுது?"

"நம்ம பக்கத்துலயே ஒருத்தரு கேட்டிருக்காரு."

"யாரு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். பெயர் வரவில்லை. அப்படி ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் விடப்போகிறார்கள், தெருவில் விட்டால் வெறிநாய் அதைக் கடிக்கும், அப்புறம் அது யாருடைய தம்பியைக் கடிக்குமோ.

மூன்று நிபந்தனை போட்டேன். ஊசி போட்டுவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும், கொல்லையைத் தாண்டக்கூடாது, நான் கூப்பிடாமல் என் பக்கத்தில் வரக்கூடாது. மூன்றாவதை நாயிடம் யார் சொல்வது என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பக்கத்தில் நடந்து அது வந்து சேர்ந்தது. கிழடு தட்டியிருந்தது. கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அரைமணி நேரம் அதன் வாயில் எச்சில் வடிகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சட்டி தண்ணீரையும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"தலையப் புடிங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அதன் காதைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு இருந்தன.