மோட்டார் கொட்டகை விசாரணை

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். குத்தாலத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து உள்ளே போக வேண்டிய ஊர். சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் வெறும் தாள்.

காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். "உங்க மோட்டார் வயரக் காணும்ண்ணே. ஆளப் புடிச்சாச்சு!"

திருடு போன செய்தியும் திருடன் சிக்கிய செய்தியும் ஒரே மூச்சில் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். உங்களுக்கு வராதா?

அண்ணனோடு நானும் போனேன். மோட்டார் கொட்டகை வாசலில் ஒருவரைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பெயர் முருகையன். இருளர். கொள்ளிடம் கடலில் சேருகிற பக்கம், உப்பங்கழிக் கரையில் குடிசை. வலை கிடையாது, படகு கிடையாது... கழுத்தில் கூடையைத் தொங்கவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவியே இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பம். இப்போது கழியைச் சுற்றி இறால் பண்ணை, கம்பி வேலி. அதனால் மனைவியோடு வயல் எலி பிடிக்க வந்திருக்கிறார். வரச் சொன்னதே அண்ணன்தான்!

"நேத்து கொட்டகை ஓரமா ஏன் நின்ன?"

"அங்கதாங்க எலி வளை இருந்துச்சு."

"போலீஸுக்கு போன் போடுங்கப்பா" என்றார் ஒருவர். முருகையனின் கை நடுங்க ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, நடுங்குறான்!"

நடுங்கினால் திருடன். நடுங்காமல் இருந்திருந்தால்? பழகின திருடன் என்றிருப்பார்கள்.

அவர் மனைவி செல்வி அழவில்லை. "எங்க மூட்டையப் பிரிச்சுப் பாருங்க. பாக்காம சொல்லாதீங்க" என்றாள். ஒருவரும் நகரவில்லை.

"மெக்கானிக்கக் கேட்டியாண்ணே?" என்றேன்.

"அவன எதுக்கு?"

"சும்மா கேளேன்."

அண்ணன் என்னை முறைத்துக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டார். மெக்கானிக் குரல் கணீரென்று வந்தது. "காலைல நாந்தாண்ணே கழட்டிட்டு வந்தேன். பூரா எலி கடிச்சு வச்சிருக்கு. அண்ணிக்கிட்ட சொன்னேனே, சொல்லலையா?"

கூட்டம் மெல்லக் கரைந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். "சரி, எந்திரி. போய் வேலையப் பாரு."

மன்னிப்பா? அந்தப் பேச்சே இல்லை.

"வேல வேணாங்க. கெளம்புறோம்" என்றாள் செல்வி.

"அதான் நீங்க எடுக்கலன்னு ஆயிடுச்சுல்ல?"

"நாளைக்கு ஒரு கோழி காணாமப் போனா?"

இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடி, ஒரு பையில் இரண்டு புடவையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போட்டு, பஸ் ஸ்டாப்பில் அவர்களைப் பிடித்தேன். செல்வி பையை வாங்கினாள். அங்கேயே, டீக்கடை முன்னால், எல்லாவற்றையும் தரையில் கொட்டினாள். புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறினாள்.

"குடுக்குறவங்களையே சந்தேகப்படுறா பாரு!" என்றது டீக்கடை.

செல்வி அவர்கள் பக்கம் திரும்பினாள். "உள்ள என்ன இருக்குன்னு எல்லாரும் பாத்துக்கிட்டீங்கல்ல?"

அப்புறம்தான் மடித்து உள்ளே வைத்தாள். "வர்றேங்க்கா" என்றாள். சிரிக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால், அவள் இடத்தில் இருந்தால் நானும் உதறித்தான் வாங்கியிருப்பேன்.

நேற்று அண்ணன் போன் செய்தார். எலித் தொல்லை தாங்கலையாம். "அவங்க திரும்ப வருவாங்களா?" என்றார்.

சந்தேகம்தான் என்றேன்.