சாய்ந்து நின்ற பின் சில்லுகள்

"...ஆனபடியாத்தான் சொல்லுறன் அத்தான், கார் எண்டா றோட்டைக் கொஞ்சிக்கொண்டு ஓடோணும். உயரத்தில நிண்டா அது லொறி!" என்றான் என் மனைவியின் தம்பி.

கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜ். அவனுடைய கார் ஜாக்கில் ஏறி நின்றது. ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியதிலிருந்து பின் சில்லுகள் இரண்டும் மேற்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டன. வெளியே இருந்து பார்த்தால் டயர் புதுசு. உள்பக்கத்தில் கம்பி தெரிந்தது. மறுநாள் விடிய, அவன் குழந்தைக்கு முடியிறக்க யாழ்ப்பாணம் போகவேண்டும். டயரை மாற்றியாயிற்று. சில்லைப் பிடித்திருக்கும் பழைய இரும்புக் கைகளைக் கழற்றி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கைகளைப் பூட்டினால் சாய்வும் போய்விடும் என்றுதான் வந்திருந்தோம்.

கராஜ்கார நானா வாயோடுதான் வேலை செய்வார். "உங்கட மச்சான்ட காருக்குக் கீழ எலி பூர்றதெண்டாலும் வயித்த எக்கிக்கொண்டுதான் பூரணும்" என்று கீழே கிடந்தபடி சொன்னார். நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே அவருடைய பேச்சு நின்றது.

"தம்பி, ரெண்டு பேரும் குனிஞ்சு பாருங்க."

பழைய கையின் போல்ட்டைக் கழற்றிய இடத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் உரிந்தது. அதற்குக் கீழே, நசுங்கிய கதவுக்கு வைத்துத் தேய்க்கும் பட்டி பொலபொலவென்று கொட்டியது. வட்டமாக இருக்கவேண்டிய துளை திறந்த வாய் மாதிரி நீண்டு கிடந்தது. கார் இவன் கைக்கு வருமுன்பே யாரோ, அப்போதும் சாய்ந்திருந்த சில்லை நிமிர்த்துவதற்காகத் துளையை வெட்டி நீட்டியிருக்கிறார்கள். பிறகு தகடு வைத்து வெல்டிங் செய்யாமல், இடைவெளியைப் பட்டியால் அடைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சில்லு நின்றது நட்டின் இறுக்கத்தில் மட்டும்.

"மூஞ்சிக்குப் போடுற பவுடர முள்ளந்தண்டுக்குப் போட்டீக்கிறானுகள்" என்றார் நானா. அவர் குரலில் பகிடி இல்லை.

கல்கிசையில் இந்தக் காரை விற்ற மனிதர், தன் பிள்ளை மாதிரிப் பார்த்த கார் என்று சொல்லித்தான் திறப்பைத் தந்தார். அப்போது நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

"போன கிழமை ஹைவேயில நூறில வந்தனான், அத்தான்" என்றான் அவன், துளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிள்ளை பின்னுக்கு நித்திரை."

"வெல்டிங் வெச்சுத் தாறன். ஆனா நாளைக்கெண்டு கேக்காதீங்க" என்றார் நானா.

அவன் ஜாக்கில் நின்ற காரின் பின் கதவைத் திறந்து, குழந்தையின் சீட்டை வார் வாராக அவிழ்த்து இழுத்தெடுத்தான். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போய், வந்த முதல் ஓட்டோவை மறித்தான்.