துபாயில் மழையைத் தள்ளியவர்

லீவு போட்டுவிட்டு, மலைப்பாதை தாண்டி புஜைராவிலிருந்து டென்னிஸ் பார்க்க வந்திருக்கிறேன். துபாயில் மழை! ஆட்டம் நின்றுவிட்டது. புஜைரா திரும்ப ஏழு மணிக்குக் கடைசி வண்டி. அதற்குள் தரை காய்ந்தால்தான் உண்டு.

என் முன்வரிசையை ஒட்டி ஒருவர் ரப்பர் பட்டை வைத்த கோலால் தண்ணீரைத் தள்ளுகிறார். ராமநாதபுரத்துக்காரராம்.

"ஊர்ல மழைக்கு ஏங்குனேண்ணே, இங்க வந்து மழையத் தள்ளுறேன். நீங்க யாரு பக்கம்?"

"ஒத்தக் கையில பேக்ஹேண்ட் அடிக்கிறாரே, அவரு பக்கம். அதுதான் கலை! எதிர்ல ஆடுற எடது கைக்காரருக்கு வெறும் உடம்பு பலந்தான்" என்கிறேன், மட்டையையே தொட்டறியாத நான்.

"ஒங்காளு தூறல் விழுந்ததுமே உள்ள ஓடிட்டாரு. எடது கைக்காரருதான் இந்தக் கோல வாங்கி ஒரு வரிசை தள்ளிக் குடுத்துட்டுப் போனாரு!"

நான் இடது கைக்காரரின் காலி நாற்காலியை எட்டிப் பார்க்கிறேன்.

ஐந்தரைக்கு நடுவர் தரையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டுகிறார். ஆட்டம் தொடங்குகிறது. இடது கைக்காரர் அடித்த பந்து கோட்டில் விழுந்ததும் எழுந்து நின்று விசிலடிக்கிறேன்.

மூலையிலிருந்து கோலை உயர்த்திக் காட்டி, ராமநாதபுரத்துக்காரர் வாய்விட்டுச் சிரிக்கிறார்.