பாஸ்டனில் இல்லாத ஸ்டேடியம்

என் அப்பா ஆஞ்சப்பன் கடந்த ஜனவரி இருபதாம் தேதி காலை ஒன்பதே காலுக்கு, இருநூற்றைம்பது டன் பிரஸ்ஸின் பக்கத்தில் விழுந்து இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. அதற்குக் காரணமானவர் அவருடைய பிளான்ட் மேனேஜர் பிரகாஷ். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அப்பா உத்தனப்பள்ளிக்காரர். தக்காளி போடும் குடும்பம். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்து, இருபத்திரண்டு வயதில் ஓசூர் சிப்காட்டில், இரும்புத் தகடுகளை அழுத்தி வாகன பாகங்களாக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தொரு வருடமும் அதே இடம்தான். மெஷினைத் தெலுங்கில் திட்டுவார், போல்ட்டைக் கன்னடத்தில் எண்ணுவார், எங்களிடம் தமிழில் கோபப்படுவார். கால்பந்து அவருக்குத் தொழிற்சாலையில் வந்து ஒட்டிக்கொண்டது. கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு கோல் கீப்பர் கிடைக்காமல், உயரத்தைப் பார்த்து இவரை நிறுத்தினார்கள். பதினாறு வருடம் நின்றார்.

கத்தார் உலகக் கோப்பைக்குப் போக லீவு கேட்டார். பிரகாஷ் மறுத்தார். "அடுத்த வேர்ல்டு கப்புக்குக் கண்டிப்பா அனுப்பறேன் ஆஞ்சப்பா," என்றாராம். அப்பா அதை நம்பினார்.

அடுத்தது இந்த வருடம் ஜூனில், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ. பதினாறு நகரங்கள். எந்த மெஷினுக்கு எந்த வாரம் பராமரிப்பு என்று காட்டும் சார்ட் ஒன்று அவர்களிடம் உண்டு. அதே படிவத்தை எடுத்து, மெஷின் பெயர் வரும் இடத்தில் நகரங்களின் பெயரைப் போட்டார். வெயில், தூரம், ரயில் வசதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதின்மூன்று நகரங்களை நீக்கினார். மிஞ்சியவை பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா. ஒரே ரயில் பாதையில் வருபவை. "லைன்ல போன மெட்டீரியல் திரும்பிப் பின்னாடி வரக்கூடாதும்மா," என்றார்.

பாஸ்டன் வரிசையில் மட்டும் சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு. ஸ்டேடியம் பாஸ்டனில் இல்லை. நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஃபாக்ஸ்பரோ என்ற ஊரில் இருக்கிறது. ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். காலையிலேயே கிளம்ப வேண்டும்.

"அப்புறம் ஏன்ப்பா பாஸ்டன்னு போடறாங்க?"

"ஓசூர்ல இருக்கற நம்ம பிளான்ட்டையே பெங்களூர்னுதான சொல்றானுங்க. அத நம்பி ஏர்போர்ட்டாண்ட ரூம் போட்டுட்டு, வெள்ளக்காரன் அத்திப்பள்ளி டிராஃபிக்ல மூணு மணி நேரம் நிக்கிறான். அதே கததான்."

விசாவும் கிடைத்தது. எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம் சார்ட்டை நீட்டினாராம்.

செப்டம்பரில் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் ஈ.சி.ஜி. சரியாக இல்லை. டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். அரை நாள் வேலை. மெஷின் பராமரிப்பைத் தள்ளிப்போட வேண்டுமானால் மேனேஜர் கையெழுத்திட்ட டீவியேஷன் படிவம் வேண்டும் என்பது அங்கே நடைமுறை. பிரகாஷ் என் அப்பாவின் இதயத்துக்கும் அதே படிவத்தைத்தான் பயன்படுத்தினார். அக்டோபர், நவம்பர், டிசம்பர். மூன்று தாள்கள். காரணம்: ஆடிட். அப்பாவின் லாக்கரைக் காலி செய்தபோது அவை கிடைத்தன.

ஏப்ரலில் பிரகாஷ் என்னைப் போனில் கூப்பிட்டார். "கஸ்டமர் டிக்கெட் குடுத்திருக்காங்க அருணா. பாஸ்டன்ல ஒரு மேட்ச். அப்பா பக்காவா ஒரு ப்ளான் வச்சிருந்தாரே, அத நான் எடுத்துக்கட்டுமாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

நான் ஆட்டோமேஷன் எஞ்சினியர். புரோகிராமில் எந்த ஒரு வரியை எடுத்தால் மொத்த லைனும் நிற்கும் என்று தெரியும். சார்ட்டை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று அப்பா போட்டபடி. மற்றொன்றில் சிவப்புக் குறிப்பு இல்லை. கிளம்பும் நேரம், மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்பு. பிரகாஷ் சரிபார்க்க மாட்டார். இத்தனை வருடமாக அப்பா போட்ட சார்ட்டில் கையெழுத்து மட்டும் போட்டுப் பழகியவர். செய்ததை ஒப்புக்கொண்டால் முதல் பிரதி, இல்லையென்றால் இரண்டாவது என்று முடிவு செய்துகொண்டேன்.

வந்தார். என் அம்மா சரோஜம்மாள் காபி கொடுத்தாள்.

"ஆஞ்சப்பன் இல்லாம வீடே வெறிச்சுனு இருக்குதுங்கம்மா."

"இருந்தப்ப மட்டும் வூட்லயா இருந்தாரு? உங்க பிரஸ்ஸோடதான சார் குடும்பம் நடத்துனாரு."

நான் அவர் முன்னால் ஒரு ஒய்-ஒய் தாளை வைத்தேன். தவறு நடந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டுப் பதில் எழுதும் படிவம். ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் யாரும் அதை எழுதாமல் தப்பித்ததில்லை. மேலே நானே எழுதியிருந்தேன்: ஆஞ்சப்பன் ஏன் உலகக் கோப்பைக்குப் போகவில்லை?

"என்னம்மா இது?"

"ஃபில் பண்ணிக் குடுங்க சார். ப்ளான் தர்றேன்."

சிரித்தார். நான் சிரிக்காததால் பேனாவை எடுத்தார். இறந்துவிட்டார். ஏன்? மாரடைப்பு. ஏன்? நோய் முன்பே தெரியவில்லை. ஏன்? டெஸ்ட் எடுக்கவில்லை. ஐந்தாவது கட்டத்தில் பேனா நின்றது.

இந்தப் படிவத்தில் ஆள் பெயர் வரக்கூடாது, நடைமுறைக் குறையைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. "இதுல மட்டும் பேர் எழுதலாம் சார்," என்று மூன்று டீவியேஷன் தாள்களையும் பக்கத்தில் வைத்தேன்.

தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "கையெழுத்து என்னதுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா தள்ளிப்போடச் சொன்னதே உங்கப்பாதான். டெஸ்ட்ல ஏதாவது சொல்லிட்டாங்கன்னா ஜூன்ல என்னை விட மாட்டாங்க சார்னு கெஞ்சுனாரும்மா."

பிறகு எழுதினார்: ஆஞ்சப்பன் தானே கேட்டுக்கொண்டதால். கையெழுத்தும் போட்டார்.

அது உண்மையாக இருக்கலாம். அப்பா அப்படிக் கேட்கக்கூடியவர்தான்.

"கேட்டிருப்பாரு," என்றாள் அம்மா. "கேட்டா குடுத்துடுவீங்களா சார்? லீவும்தான கேட்டாரு."

பிரகாஷ் டம்ளரைக் கீழே வைத்தார். ஐந்தாவது கட்டத்தில் எழுதியதை அடிக்கவில்லை. நான் ஒரு நிமிடம் காத்திருந்தேன். பிறகு இரண்டாவது பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.

"ஆஞ்சப்பன் போட்டது. கண்ண மூடிட்டுப் போலாம்," என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அது நடந்து ஒரு மாதம் ஆகிறது. மேட்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரே ஒரு வரி அனுப்பினால் போதும். அவர் எண் என்னிடம் இருக்கிறது. நேற்று அவரே செய்தி அனுப்பியிருந்தார். பாஸ்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நல்ல ஹோட்டல் கிடைத்துவிட்டதாம், ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம் என்று நினைக்கிறாராம்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.