மேகத்துக்கு ஐஸ் என்று பெயர் வைத்தவள்

டெக்சஸில் நவம்பரிலும் ஏசி போட்டுக்கொண்டு, வடக்கே எங்கோ உறையும் ஏரிகளைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. இர்விங்கில் அலுவலகம். செயற்கைக்கோள் படத்தில் ஏரியைக் கட்டம் கட்டமாகப் பார்த்து மூன்று பட்டன்களில் ஒன்றை அழுத்த வேண்டும்: ஐஸ், தண்ணீர், தெரியவில்லை. மேகம் மூடினால் அதுவும் வெள்ளை, ஐஸும் வெள்ளை. அப்போது மூன்றாவதுதான். மானேஜருக்கு அந்தப் பட்டனைக் கண்டாலே ஆகாது. நான் அதைத்தான் அதிகம் அழுத்துவேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வராது.

பக்கத்து சீட்டில் என் தோழி. ஃபிரிஸ்கோவிலிருந்து தினமும் என் காரில்தான் வருவாள். அவள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் என் பையில் கிடக்கும்.

ஒரு வியாழக்கிழமை மதியம் டேகேரிலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல். அன்றைக்குள் முடிக்க வேண்டிய ஏரி ஒன்று பாக்கி இருந்தது.

"நீ கெளம்புடி. உன் லாகின் குடு, நான் முடிச்சிடறேன். என்னை எங்க வீட்டுக்காரர் வந்து பிக்கப் பண்ணிப்பார்" என்றாள்.

கொடுத்தேன். பாஸ்வேர்டைக் கொடுத்தால் வேலை போகும் என்று தெரியும். நம் ஆட்களுக்குள் அதையெல்லாம் யார் பார்க்கிறோம்?

பத்து நாள் கழித்து மீட்டிங். அந்த ஏரிக்கரை ஊரில் ஒரு பெண், நாங்கள் அழுத்துவதை வைத்துப் போடும் வரைபடத்தை நம்பி, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியை ஏரிமேல் ஓட்டியிருக்கிறாள். வண்டி மூழ்கிவிட்டது. அவள் எப்படியோ தவழ்ந்து கரையேறியிருக்கிறாள். மானேஜர் படத்தைத் திரையில் போட்டார். ஏரி முழுக்க மேகம். ஒவ்வொரு கட்டத்திலும் ஐஸ், ஐஸ், ஐஸ். கீழே என் லாகின்.

நான் வாயைத் திறந்தால் லாகின் கொடுத்ததும் வெளியே வரும். அவளே சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னாள், ஆங்கிலத்தில். அன்றைக்கு என் குழந்தைக்கு உடம்பு சரியில்லையாம், பாவம், அவசரத்தில் செய்திருப்பேனாம். எனக்காகப் பரிந்து பேசுகிறாள்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் மெதுவாகச் சொன்னாள்: "சாரிடி. உனக்கு கிரீன் கார்டு வந்துடுச்சு. எனக்கு இன்னும் வரலையே, வேலை போனா ஊருக்கே திரும்பணும்."

அது உண்மைதான். ஆனால் அதை மீட்டிங்கிலேயே கணக்குப் போட்டிருக்கிறாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளிலிருந்து தனியாகவே ஓட்டிப்போனேன்.

ஏரிகளை என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார்கள். என் சீட்டையும் மாற்றி, செயற்கைக்கோள் படத்தில் கடைவாசல் பார்க்கிங்கில் நிற்கும் கார்களை எண்ணும் வேலை கொடுத்தார்கள். ஒரு நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். அதே ஏரி.

"இது ஐஸா, மேகமா? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

பார்த்தேன். எல்லாம் ஒரே வெள்ளை.

"தெரியலைன்னு போடு."

"அத்தனையுமா? மானேஜர் கேப்பாரே."

"கேக்கட்டும். கீழ இப்ப உன் பேருதானே வருது."

அவள் நின்றபடியே மூன்றாவது பட்டனை அழுத்த ஆரம்பித்தாள், ஒவ்வொரு கட்டமாக, அவ்வளவு கவனமாக. முடித்துவிட்டுக் கிளம்பியபோது அவள் வீட்டுச் சாவியையும் கையில் கொடுத்தனுப்பினேன்.