எலுமிச்சையில் வெளுத்த மீன்

"வியாழன், மதியம் 1.20. ஆற்று மீன், பச்சையாகக் கொத்தியது. எலுமிச்சைச் சாறு, மிளகாய், புதினா. சதை வெளுத்துவிட்டதால் வெந்தது என்றே எடுத்துக்கொண்டேன்."

தாய்லாந்தின் வடகிழக்கில் ஒப்பந்த வேலையில் இருந்தபோது என் டைரியில் எழுதியது. அந்த மாதம் மேலும் மூன்று முறை சாப்பிட்டிருக்கிறேன், நேரத்தோடு குறிப்பு இருக்கிறது.

பல வருடம் கழித்து இங்கே திருவனந்தபுரத்தில் வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேனில் ஈரல் வீக்கம், பித்தநாளமும் பருத்திருந்தது. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: தினமும் எவ்வளவு குடிப்பீர்கள்? நான் குடித்ததே இல்லை. அவர் நம்பவில்லை. துணைக்கு வந்த மனைவியின் தம்பியும் நம்பவில்லை. அவன் எங்கள் திருச்சபைக் கமிட்டியில் இருக்கிறான், நானும் இருக்கிறேன். குடிப்பவருக்குக் கமிட்டியில் இடமில்லை.

கழக்கூட்டம் சிக்னலில் கார் நின்றபோது தொடங்கினான்.

"அத்தான், மறைக்கண்டாம். வெளிநாட்டுல ஆரும் ரெண்டு பெக் அடிப்பாங்க. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா மரியாதையா போயிரும்."

"எடே, அடிக்காத பெக்குக்கு ராஜினாமா எதுக்குடே?"

ஞாயிறுக்குள் கமிட்டி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. டைரியை எடுத்துக்கொண்டு வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். நான்கு குறிப்புகளையும் படித்தவர், "சாறு பட்டா மீன் வெளுக்கும் சாரே, உள்ள இருக்கிற புழு சாகாது. நல்லா வேகணும்" என்றார். மூன்று நாள் மலப் பரிசோதனை. ஒவ்வொரு குப்பியிலும் நாளும் நேரமும் எழுதினேன். மூன்றாவதில் ஈரல் தட்டைப்புழுவின் முட்டைகள் இருந்தன. மாத்திரை சாப்பிட்டேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து அறிக்கையை வாசித்தேன். "மாதிரி: மலம்" என்றதும் செயலாளர் கையிலிருந்த பழம்பொரியை, அந்த வாழைப்பழ பஜ்ஜியை, தட்டில் வைத்தார்.

"திங்கிற நேரத்துல இதா வாசிக்கது?"

"என்னைக் குடிகாரன்னு பேசும்போ பழம்பொரி இறங்கிச்சில்லா? இப்பவும் இறங்கும், தின்னும்."

கடைசி வரி வரை வாசித்தேன். மச்சினன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். செயலாளர் ராஜினாமாவை விட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். நானும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, நாற்காலியை மட்டும் விடவில்லை.

முட்டைகள் இருந்தது உறுதி, அறிக்கை என் கையில் இருக்கிறது. பித்தநாளம் பருத்தது அந்தப் புழுவால்தானா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை. மறு ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை.