சவர்க்காரம் போட்டுக் கழுவிய பரோலோ

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு டெனிஷ் தம்பதியின் வீட்டு மேல்மாடியில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர். நிலவறையில் இத்தாலியச் சிவப்பு வைன் போத்தல்களைப் படுக்கப் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார். பரோலோ என்று பெயர். அவருடைய மனைவிக்கு இதய வருத்தம். அதில் ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. கேட்டால், "இன்னும் முதிரவில்லை" என்பார் கிழவர். "நான் போன பிறகுதான் முதிரும்" என்று அந்த அம்மா என்னிடம் சிரிப்பார். எனக்குக் கிழவர்மேல் பற்றிக்கொண்டு வரும்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். பொங்கலென்றால் வீடு கழுவ வேண்டுமே. மேல்மாடியைக் கழுவிய கையோடு, கிழவருக்கும் உதவியாக இருக்கட்டும் என்று என் கணவர் நிலவறைக்குள் இறங்கிவிட்டார். நான் தேத்தண்ணீரோடு போய்ப் பார்த்தால், போத்தல்கள் எல்லாம் பளபளவென்று நிமிர்ந்து நிற்கின்றன. வாளிக்குள் லேபல்கள் ஊறிக் கிடக்கின்றன.

"என்னப்பா செய்துபோட்டியள்?"

"ஒரே பூஞ்சணம். நல்ல நாள் பெருநாளிலை இப்பிடியே விடுறதே?"

திரும்பி வந்த கிழவர் நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எது எந்த ஆண்டு வைன் என்று இனி யாருக்குத் தெரியும்? தக்கையில் ஆண்டு இருக்கும். ஆனால் தக்கையைப் பார்க்கப் போத்தலைத் திறக்க வேண்டும், திறந்தால் குடித்தாக வேண்டும்.

"அப்படியென்றால் திற" என்றார் பின்னால் நின்ற அந்த அம்மா.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் ஒரு போத்தல். போத்தல் கழுத்துக்குப் பின்னால் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, அடியில் கிடக்கும் மண்டி கலங்காமல் கிழவர் மெதுவாக ஒரு சாடிக்குள் வார்ப்பார். போத்தல்களை நிமிர்த்தி வைத்தது நல்லதாம், மண்டி கீழே இறங்கியிருக்கிறதாம். என் கணவர் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். முதல் கிளாஸ் அந்த அம்மாவுக்கு. ஒன்றில் காய்ந்த ரோஜா மணக்கிறது என்பார். ஒன்று புளித்துப் போயிருந்தது. "பார், காத்திருந்தே கெடுத்துவிட்டாய்" என்று கிழவரைச் சீண்டினார். என் கணவரும் ஒரு மிடறு குடித்து, டெனிஷில் "மிக நல்லது" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "புளிச்ச கள்ளு இதைவிடத் திறம்" என்பார். அந்தச் சனிக்கிழமைகளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இலையுதிர் காலத்தில் அந்த அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பழைய சிநேகிதர்கள், அந்தப் பரோலோவில் ஒன்றைத் திறக்கலாமே என்றார்கள்.

"ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவள் குடித்துவிட்டாள்" என்றார் கிழவர். சொல்லும்போது என் கணவரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.